தொட்டிக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர்

கடலுக்கு நடுவில் குடியிருக்கிறவனுக்கு மீன்தொட்டி எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் அன்று அந்த வள்ளத்தில் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகிற மோட்டர் வள்ளம். என் மடியில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஈரக் கடதாசியில் சுற்றிய செடிகள், பொலித்தீன் பையில் எட்டுக் கப்பி மீன்கள், இன்னொரு பையில் நாலு கறுத்த மொலி.

"அண்ணை, ஒரு வலை வீசினால் தொட்டி நிறைய வருமே. உதை ஏன் யாழ்ப்பாணத்திலையிருந்து காவிக்கொண்டு வாறியள்?" என்றார் வள்ளக்காரர்.

"உங்கட மீன் குழம்புக்கு. என்ரை மீன் பாக்கிறதுக்கு," என்றேன்.

வள்ளம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு இருந்த ஒரே சிநேகிதனை இந்தத் தொட்டி தின்னப் போகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பேன்.

போர் ஓய்ந்து கண்டிப் பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நான் பட்டணத்தில் ஓர் இரும்புக்கடையில் வேலை. கிழமை நாட்களில் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்குவேன், சனிக்கிழமை வள்ளம் ஏறி வீட்டுக்குப் போவேன், திங்கள் விடியத் திரும்புவேன். அந்த அறையை என்னோடு எட்டு வருசம் பகிர்ந்துகொண்டவன்தான் அந்தச் சிநேகிதன். கைதடிப் பக்கத்து ஆள். அவனும் அதே கடையில் ஆணி நிறுத்தவன். ஒரு பாயில் படுத்து ஒரு பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம். நான் தீவான், அவன் பட்டணத்தான் என்று ஆளையாள் நக்கலடிப்போம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிப்போனவன் அவன்.

பாதை திறந்ததும் அவனுக்கு ஒரு பித்துப் பிடித்தது. வேலையை விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் வளர்ப்பு மீன் கடை போட்டான். அவன் மனைவியின் நகைகள் காசாகி அந்தக் கடைக்குள்தான் இருந்தன. அவனுடைய பயமெல்லாம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துச் சனம் சாப்பிட முடியாத மீனை வாங்குமா?

"வாங்கும்," என்று அடித்துச் சொன்னவன் நான். "வெளிநாட்டிலையிருந்து வந்து தீவுப் பக்கத்து வீடுகளைத் திறக்கிற சனமெல்லாம் வாங்கும். அதுகளை நான் அனுப்பிவிடுறன்."

"அப்ப முதல் வியாபாரம் நீதான் மச்சான். உன்ரை கைராசியைப் பாப்பம்," என்றான்.

அப்படித்தான் தொட்டி வந்தது. ஆனால் எனக்கும் ஓர் ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. கோடையில் எங்கள் தீவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோளகக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து இலையெல்லாவற்றையும் கருக்கிவிடும். பனை ஒன்றுதான் பச்சை, அதுவும் தூசு பிடித்த பச்சை. வீட்டுக்குள்ளாவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும் என்று நான் ஏங்கினேன்.

எங்கள் வீட்டில் மின்சாரம் பின்னேரத்தில் சில மணிநேரம்தான். காற்றுப் பம்ப் பூட்டினாலும் ஓடாது. அதனால் பிளாஸ்டிக் செடி சரிவராது, உயிருள்ள செடிதான் வைக்க வேண்டும், அதுதான் தண்ணீருக்குள் மீனுக்கு மூச்சுக் கொடுக்கும் என்று அவன் விளக்கினான். பிறகு ஒரு தட்டத்தில் தண்ணீர் விட்டுச் செடிகளைப் பரப்பினான். எனக்குக் கண் போனது இறகு மாதிரி விரிந்த கபொம்பாவில். அடுத்தது ஒரு சிவப்பு இலைச் செடி. அவன் எடுத்து நீட்டியதோ கறுத்த பச்சையில், தடித்த, அழுக்குப் பிடித்தது போன்ற ஒரு பன்னம், பூக்காத பெரணி இனம்.

"ஜாவாப் பன்னம். முதல் முதல் வைக்கிறவன் இதைத்தான் வைக்கோணும். வெளிச்சம் குறைஞ்சாலும் நிக்கும், தண்ணி கொஞ்சம் பிழைச்சாலும் நிக்கும்."

"உதென்ன, கூட்டித் தேஞ்ச பழைய தும்புத்தடி மாதிரி. எனக்கு வடிவான கண்டு தா."

"வடிவைப் பாத்துப் பொம்பிளை எடுக்கலாம், தொட்டிக்குக் கண்டு எடுக்கேலாது. கோவிக்காத கண்டாப் பாத்து எடுக்கோணும்."

நான் விடவில்லை. இறகும் சிவப்பும் வேண்டும் என்று நின்றேன். அவன் மனமில்லாமல் சுற்றித் தந்தான். பன்னத்தையும் சும்மா சேர்த்து வைத்தான். அதன் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, அழுகிவிடும், கல்லில் நூலால் கட்டி விடவேண்டும் என்றான். எங்கள் ஊர் முருகைக்கல், அதாவது பவளக்கல், சுண்ணாம்பு கக்கும் என்று ஒரு கருங்கல் துண்டையும், கடற்கரை மண் போடாதே என்று ஒரு பை ஆற்றுச் சரளையையும் தந்தான். கடைசியாக, "தண்ணிதான் முக்கியம். நல்ல தண்ணி மட்டும் விடு. உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் கிட்டவும் கொண்டுபோகாதை," என்றான்.

நல்ல தண்ணீர் என்றால் எங்கள் தீவில் அதற்கு ஒரே பொருள். எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும். கால்மணி நேர நடை. என் மனைவி நாளுக்கு இரண்டு தரம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வந்தாள். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டில் செம்பு செம்பாகத்தான் செலவாகும். அதற்கு முந்திய வருசம் அவள் முற்றத்தில் ஒரு மல்லிகை நட்டிருந்தாள். அதற்கு நாளுக்கு அரைச் செம்பு நல்ல தண்ணீர் கேட்டாள். குடிக்கிற தண்ணீரைப் பூங்கன்றுக்கு ஊற்றுவதா என்று நான் சொல்லிவிட்டேன். மல்லிகை அந்தக் கோடையைத் தாண்டவில்லை. அதை நான் அன்றே மறந்துபோனேன்.

தொட்டியை நிரப்பிய முதல் நாள் நானே தோட்டக் கிணற்றுக்குச் சைக்கிளில் போய்க் கான்களில் தண்ணீர் கொண்டுவந்தேன். பச்சையும் சிவப்புமாக, நடுவில் மொலிகள் கறுப்பாக ஓட, வீட்டுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அயல்வீட்டுச் சனம் வந்து பார்த்துப் போனது. மனைவியிடம் சொன்னேன்: "கிழமைக்கு ஒரு வாளி பழைய தண்ணியை எடுத்துப்போட்டு, ஒரு வாளி நல்ல தண்ணி விடும். குறையிறதுக்கும் நல்ல தண்ணிதான்."

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

மூன்றாம் கிழமை கபொம்பா தூள் தூளாகக் கொட்டியது. சிவப்பு இலை கண்ணாடி மாதிரி வெளுத்துக் கரைந்தது. அள்ளிக் காட்டினபோது சிநேகிதன் நெற்றியைச் சுருக்கினான். புது இடத்துக்கு வந்த கன்று முதலில் இலை கொட்டுவதுதான் என்று வேறு கன்று தந்தான். அதுவும் போனது. மூன்றாம் தரமும் தந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் கேள்வி, "நல்ல தண்ணிதானே விட்டனீர்?" ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பதில், "ஓம்." மீன்களோ குட்டி மேல் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. மீன் துள்ளுது, கன்று சாகுது. அப்படியானால் பிழை கன்றில்தானே? என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. கொழும்பிலிருந்து அழுகல் கன்றுகளை இறக்கி எனக்குத் தள்ளுகிறான் என்று நினைக்கத் தொடங்கினேன். எட்டு வருசம் ஒரே பாயில் படுத்தவன் எனக்கே இப்படிச் செய்கிறானே என்று நெஞ்சு எரிந்தது.

மூன்றாம் செடியும் செத்த திங்கட்கிழமை, கறுத்த சளி மாதிரி இருந்ததை ஒரு பையில் கட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கடையில் ஒரு குடும்பம் நின்றது. புங்குடுதீவில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து இருக்க வந்தவர்கள். நாலடித் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான்தான் பஸ்ஸில் கண்டு கடையைச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர்களுக்கு முன்னால் பையை மேசையில் போட்டேன்.

அவன் பையைத் திறந்து பார்த்தான். "என்ன தண்ணி விடுறாய்?"

"தோட்டக் கிணத்து நல்ல தண்ணி."

"ஆர் விடுறது?"

"மனுசி."

"நீ நாக்கிலை வைச்சுப் பாத்தனியோ?"

"பாத்தனான். நல்ல தண்ணி."

அவன் சிரித்தான். அறையில் எத்தனையோ தரம் சிரித்த அதே சிரிப்புத்தான். "தீவான்ரை நாக்கை ஆர் நம்புவான் மச்சான்? உங்களுக்கு எந்தத் தண்ணிதான் உப்பு?"

அறைக்குள் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்தக் குடும்பத்துக்கு முன்னால், அதுவும் தீவுச் சனத்துக்கு முன்னால் சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்ப என்ரை மனுசி பொய் சொல்லுறாவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. தண்ணியைக் கொண்டுவா, பாப்பம் எண்டுதான்…"

"தண்ணி பிழையெண்டால் மீனெல்லோ முதலிலை சாகோணும்? மீன் குட்டி போடுது, உன்ரை கண்டுதான் அழுகுது. அழுகலை வித்துப்போட்டு எங்கட நாக்கிலை பழியைப் போடுறியோ?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை. என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. அந்தக் குடும்பத்துத் தகப்பன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். சிநேகிதன் அவர்கள் போவதையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்கோ ஐயா," என்றான். எட்டு வருசத்தில் அவன் என்னை ஐயா என்றது அதுதான் முதல் தரம்.

அத்தோடு விட்டேனா? இல்லை. எங்கள் பக்கத்தில் பத்திரிகை தேவையில்லை. பஸ்ஸில் ஒரு கதை சொன்னால் துறைக்கு வரும். துறையில் சொன்னால் வள்ளம் ஏறும், வள்ளம் ஏறினால் எல்லாத் தீவுக்கும் போகும். யாராவது தொட்டியைப் பற்றிக் கேட்டால் போதும். "அந்தக் கடைப்பக்கம் போகாதேங்கோ. அழுகின கண்டு விக்கிறவன். சிநேகிதனெண்டும் பாக்கமாட்டான்," என்பேன். மாதக்கணக்காகச் சொன்னேன். ஏமாற்றப்பட்டவனுடைய கதையைச் சனம் உச்சுக் கொட்டிக் கேட்கும். அதில் ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எனக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்தது. முதலாளி மூன்று கிழமை கடைப்பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார். வீட்டில் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தேன். தொட்டியில் அப்போது ஜாவாப் பன்னம் ஒன்றுதான் மிச்சம். நான் ஏறெடுத்தும் பார்க்காத அந்தத் தும்புத்தடி கல்லைப் பிடித்துக்கொண்டு தடித்து வளர்ந்திருந்தது. ஒரு புதன்கிழமை காலை. மனைவி வளவுக் கிணற்றில் துலாவைப் பதித்து ஒரு வாளி அள்ளினாள். குளிக்கப் போகிறாளாக்கும் என்று பார்த்தேன். வாளியோடு நேரே உள்ளே வந்து தொட்டிக்குள் ஊற்றினாள்.

"உது எந்தத் தண்ணி?"

அவள் பதறவில்லை. "எங்கட கிணத்துத் தண்ணி."

"எவ்வளவு நாளா?"

"தொட்டி வந்த அடுத்த கிழமையிலையிருந்து."

எழும்பி உட்கார்ந்தேன். கொப்பளமெல்லாம் ஒன்றாக எரிந்தது. "ஒவ்வொரு சனியும் கேட்டனான். ஓம் எண்டு சொன்னனீர்."

"ஓம் எண்டால்தானே நீங்கள் சாப்பிட வருவியள்."

"ஒரு வாளி தண்ணி. கிழமைக்கு ஒரே ஒரு வாளி."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அந்தத் தோட்டத்துக்கு நடக்கிறது நான். ஒருநாளெண்டாலும் குடத்தை வாங்கிப் பாத்தனீங்களோ? என்ரை மல்லிகைக்கு அரைச் செம்பு கேட்டனான். குடிக்கிற தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊத்தேலாது எண்டனீங்கள். அது செத்ததையும் நீங்கள் பாக்கேல்லை. உது மட்டும் என்ன? தண்ணிக்குள்ளை நிக்கிற பூக்கண்டுதானே?"

"உம்மட ஓமை நம்பி நான் ஒருத்தன்ரை பேரைச் சந்தியிலை கெடுத்துப்போட்டன்!"

"நான் தண்ணியைத்தான் மாத்தினனான். வாயைத் திறந்தது நீங்கள்."

 எனக்குக் கோபம்தான் கூடியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. யாரோ ஒருத்தி என்றால் தாங்கலாம். சட்டை தோய்த்துத் தருகிறவள், எனக்காக விரதம் பிடிக்கிறவள், பத்து மாதச் சனிக்கிழமைகளிலும் கண்ணைப் பார்த்து ஓம் என்றாளே. படுத்துக் கிடந்து அந்த ஓம்களை ஒவ்வொன்றாக நினைத்து வெந்தேன். மூன்றாம் நாள் எழும்பிப் போய்த் தொட்டித் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். எனக்கு அது நல்ல தண்ணீராகத்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த உவரில் வாய் கொப்பளித்து வளர்ந்த நாக்கு அது. அதை நம்பித்தான் அவ்வளவு வீரம் பேசியிருக்கிறேன்.

உடம்பு தேறி வேலைக்குப் போன முதல் நாளே ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரும் பன்னத்தின் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஆட்கள் இல்லை. அவன் என்னைக் கண்டு எழும்பவில்லை. நான் போத்தலை நீட்டினேன். மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உடனே துப்பினான்.

"உப்பு."

"எனக்குத் தெரியேல்லை மச்சான்."

"தெரியாதெண்டுதானே அண்டைக்குச் சொன்னனான்." போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "உவர்த் தண்ணியை விட, தண்ணி ஆவியாப் போகும், உப்பு நிக்கும். பிறகும் உவர்த் தண்ணி, பிறகும் உப்பு. கபொம்பா எப்பிடித் தாங்கும்? உந்தப் பன்னம் தாங்கும். மொலியும் கப்பியும் உப்பெண்டால் சந்தோசப்படும், அதுகள் கழிமுகத்திலையும் சீவிக்கிற மீன்."

"ஏன் அண்டைக்கு அதைச் சொல்லேல்லை?"

"நீ சொல்ல விட்டனியோ?"

பன்னத்தின் இலையைத் திருப்பினான். பின்பக்கத்தில் வேரோடு சின்னச் சின்னக் குட்டிச் செடிகள் முளைத்திருந்தன. அதைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. நான் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியையும் மல்லிகையையும் கிணற்றையும் சொன்னேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"மன்னிப்பு எனக்கு வேண்டாம்," என்றான். "அதை வைச்சு நான் என்ன செய்யிறது? வள்ளத்திலை சொன்னதை வள்ளத்திலை போய்த் திருப்பிச் சொல்லு. கடை தப்பினாலும் தப்பும்."

"சொல்லுறன். இந்தச் சனியே சொல்லுறன்," என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை வள்ளம் நிறையச் சனம். எல்லாம் தெரிந்த முகங்கள். துறையை விட்டு வெளிக்கிட்டதும் தொண்டையைச் செருமினேன். எப்படித் தொடங்குவது? கன்றில் பிழையில்லை, தண்ணீரில்தான் பிழை என்று தொடங்கலாம். தண்ணீரை யார் விட்டது என்று அடுத்த வாங்குப் பலகையிலிருந்து கேள்வி வரும். மனுசி என்று சொல்லவேண்டும். பத்து மாதமாக அவள் என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டினாள் என்று சொல்லவேண்டும். நாளைக்கு விடிய அவள் இந்த ஆட்களின் வீட்டுப் பெண்களோடுதான் தோட்டக் கிணற்றடியில் நிற்பாள். அவர்கள் அவளைச் சும்மா விடுவார்களா? எனக்குத்தான் பட்டப்பெயர் வைக்காமல் விடுவார்களா? அவளுக்காகப் பயந்தேனா, எனக்காகப் பயந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அனலைதீவுத் துறை வந்துவிட்டது. அடுத்த சனி சொல்லலாம் என்று இறங்கினேன். அடுத்த சனி மழை. அதற்கடுத்த சனி அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் குனிந்து அள்ளிப் பார்க்கவும் இல்லை.

வீட்டில் மட்டும் சில விஷயங்கள் மாறின. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டக் கிணற்றுக்கு நான் சைக்கிளில் போனேன். கோயிலடியிலிருந்து ஒரு மல்லிகைப் பதியன் கொண்டுவந்து நட்டு, அதற்கு முதல் செம்பை ஊற்றினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்கு எந்தத் தண்ணீர் விடுகிறாள் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பன்னம் எதற்கும் கோவிக்காமல் நின்றது.

மாரி தொடங்கமுதல் அவன் கடையைப் பூட்டினான். அந்த ஒழுங்கையால் ஒருநாள் போனபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. மிச்சத் தொட்டிகளை யாருக்கோ தள்ளிவிட்டு மனைவி பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டான் என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். எனக்கு ஒரு சொல்லும் விட்டுப் போகவில்லை. விட்டிருப்பான் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

அந்தச் சனிக்கிழமை வள்ளத்தில் எனக்கு இடம் கிடைத்தது வள்ளக்காரருக்குப் பக்கத்தில். கடல் அமைதியாக இருந்தது. சனம் கதையில்லாமல் இருந்தது. அவர் சுக்கானைப் பிடித்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"அண்ணை, அந்த மீன்தொட்டிக் கடைக்காரன் பூட்டிப்போட்டு ஓடிட்டானாம். நீங்கள் அப்பவே சொன்னனீங்கள். சரியான ஏமாத்துக்காரன்தான் என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன்.